இரண்டாம் அணிக்கு ஒரு மேசை

மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் 2022 ஆகஸ்ட் 9 அன்று 44-ஆவது செஸ் ஒலிம்பியாட்டின் கடைசிச் சுற்று முடிந்தது. ஓபன் பிரிவில் தங்கம் வென்ற உஸ்பெகிஸ்தான், போட்டி தொடங்கும்போது தரவரிசையில் 14-ஆவது அணி. வெள்ளி வென்ற ஆர்மீனியா 12-ஆவது அணி. வெண்கலம் வென்றது இந்தியாவின் 'பி' அணி. அதன் இடம் 11. முதல் பத்து இடங்களில் இருந்த ஒரு அணிக்குக்கூடப் பதக்கம் இல்லை. முதலிடத்தில் இருந்த அமெரிக்கா ஐந்தாவதாக முடித்தது. உலக சாம்பியன் மாக்னஸ் கார்ல்சன் முதல் போர்டில் ஆடிய நார்வே, தரவரிசையில் மூன்றாவது அணியாக வந்து 59-ஆவது இடத்தோடு ஊர் திரும்பியது.

அன்றைக்கு இதை அதிசயம் என்றார்கள். அதிசயம் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பதினொரு சுற்றுகளின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், எளிய அணி ஒன்று பெரிய அணியை எப்படி வீழ்த்துகிறது என்பதற்கான காரணங்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. அதில் ஒரு காரணம் பூஞ்சேரி இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறது. அதைப் பற்றித்தான் இங்கே யாரும் பேசவில்லை.

முதலில், அந்த 'பி' அணி எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். ஒலிம்பியாட்டில் ஒரு நாட்டுக்கு ஒரு பிரிவில் ஓர் அணிதான். போட்டியை நடத்தும் நாட்டுக்கு மட்டும் இரண்டாவது அணியை இறக்கும் உரிமை உண்டு. மொத்த அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், ஜோடி சேர்ப்பதற்காக மூன்றாவது அணியும் ஆடலாம். 44-ஆவது ஒலிம்பியாட் முதலில் ரஷ்யாவில் நடக்க இருந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது போர் தொடங்கியதும் அந்த வாய்ப்பு ரஷ்யாவிடமிருந்து பறிக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு சுமார் 92 கோடி ரூபாய் ஒதுக்கி, போட்டியைத் தன் மண்ணுக்குக் கொண்டுவந்தது. ஏற்பாடுகளுக்குக் கிடைத்த அவகாசம் நான்கே மாதம். இத்தனையும் நடந்ததால்தான் இந்தியாவுக்கு இரண்டாவது அணி கிடைத்தது. ஒலிம்பியாட் ரஷ்யாவிலேயே நடந்திருந்தால் குகேஷ், நிஹால் சரின், பிரக்ஞானந்தா, ரவுனக் சாத்வானி ஆகிய நால்வரும் ஓரணியாக அங்கே உட்கார்ந்திருக்க வழியே இல்லை. முதல் அணியில் விதித் குஜராத்தி, ஹரிகிருஷ்ணா, அர்ஜுன் எரிகைசி, எஸ்.எல். நாராயணன், சசிகிரண் என்று ஐந்து இடங்களும் நிரம்பியிருந்தன.

அந்த நால்வருக்கும் வயது பதினாறு முதல் பதினெட்டு. பிரக்ஞானந்தாவுக்குப் போட்டி முடிந்த மறுநாள்தான் பதினேழு நிறைந்தது. ஐந்தாமவர் அதிபன் பாஸ்கரன், முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர். 2014-இல் நார்வேயின் ட்ரோம்சோவில் இந்தியா முதன்முதலாக ஒலிம்பியாட் வெண்கலம் வென்றபோது அந்த அணியிலும் அதிபன் இருந்தார். அன்றைக்கு ஆனந்த் ஆடவில்லை. இந்தியாவின் தரவரிசை 19. எளிய அணி மேலே வருவது எப்படி என்பதை அனுபவித்து அறிந்த ஒருவரைப் பையன்களோடு உட்கார வைத்தார்கள். பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ், இந்தியன் ஆயில் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்க வந்தவர். பிரக்ஞானந்தாவைச் சிறுவயதிலிருந்து வளர்த்தவர். அணித் தேர்வின் பாதி வெற்றி இந்த இரண்டு பெயர்களில் இருக்கிறது.

ரேட்டிங் என்பது என்ன என்பதையும் இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். அமெரிக்க அணியின் சராசரி 2771. இந்திய 'பி' அணியின் சராசரி 2649. உஸ்பெகிஸ்தானின் சராசரி 2625. 122 புள்ளி வித்தியாசம் இருந்தால், எலோ கணக்குப்படி பலமானவருக்கு ஓர் ஆட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. நான்கு போர்டுகளையும் கூட்டினால் அமெரிக்கா இரண்டரைக்கு மேல் எடுக்க வேண்டும். எட்டாவது சுற்றில் இந்த இரண்டு அணிகளும் மோதியபோது நடந்தது வேறு. குகேஷ் கருவானாவை வென்றார். சாத்வானி டொமிங்கெஸை வென்றார். மற்ற இரண்டும் டிரா. 3–1 என்று இந்திய 'பி' அணியின் பக்கம் ஆட்டம் முடிந்தது.

கணக்கு பொய்யா? பொய்யில்லை, பழையது. உலகச் செஸ் கூட்டமைப்பின் விதிப்படி, ஒரு முறை 2400 புள்ளியைத் தொட்டுவிட்ட ஆட்டக்காரர் தனக்குச் சமமானவரை வென்றால் 5 புள்ளிதான் கூடும். முப்பத்தைந்து வயதுக்காரருக்கு இது சரியான அளவு. அவருடைய பலம் ஓராண்டில் பெரிதாக மாறாது. பதினாறு வயதுப் பையனின் ஆட்டமோ ஆறு மாதத்தில் ஆளே மாறியதுபோல் வளரும். ரேட்டிங் அவன் பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும். போதாக்குறைக்கு 2020 மார்ச்சிலிருந்து ஓராண்டுக்கு மேல் நேரடிப் போட்டிகள் உலகெங்கும் முடங்கிக் கிடந்தன. பையன்கள் வீட்டில் கணினி முன் உட்கார்ந்து வளர்ந்துகொண்டே இருந்தார்கள்; புள்ளி நின்ற இடத்திலேயே நின்றது. 2020 டிசம்பரில் விஸ்வநாதன் ஆனந்த் தொடங்கிய வெஸ்ட்பிரிட்ஜ் ஆனந்த் அகாடமியில் இந்த நால்வரும் பயிற்சி பெற்றார்கள். 2021 டிசம்பரில் வார்சாவில் உலக ரேபிட் பட்டத்தைத் தட்டிச் சென்ற உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரொவுக்கு அப்போது வயது பதினேழு. 2022 பிப்ரவரியில் பிரக்ஞானந்தா இணையவழிப் போட்டியில் கார்ல்சனை வென்றார். அறிகுறிகள் எல்லாம் வெளிப்படையாகவே இருந்தன. தரவரிசைப் பட்டியலில்தான் இல்லை.

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரஷ்யாவும் சீனாவும் பூஞ்சேரிக்கு வரவில்லை. 2018 பதுமி ஒலிம்பியாட்டின் இரண்டு பிரிவுகளிலும் தங்கம் வென்றது சீனாதான். அவர்கள் வந்திருந்தால் பதக்கப் பட்டியல் மாறியிருக்கக்கூடும். ஆனால் வராத அணிகளைச் சொல்லி, வந்த அணிகள் செய்ததைக் குறைத்துவிட முடியாது. கருவானா, ஆரோனியன், வெஸ்லி சோ, டொமிங்கெஸ் நால்வரும் எதிரே உட்கார்ந்தார்கள், அணியாகத் தோற்றார்கள்.

இதில் ஆரோனியன் கதை தனி. பல ஆண்டுகள் ஆர்மீனியாவின் முதல் போர்டு அவருடையது. 2021-இல் அவர் அமெரிக்காவுக்கு ஆடப் போவதாக அறிவித்தபோது ஆர்மீனிய செஸ் முடிந்தது என்று எழுதாதவர்கள் குறைவு. அவர் இல்லாத ஆர்மீனியா வெள்ளி வென்றது. அவர் போய்ச் சேர்ந்த அமெரிக்கா வெறுங்கையோடு திரும்பியது. கார்ல்சன் தனிப்பட்ட முறையில் முதல் போர்டில் வெண்கலம் வாங்குமளவுக்கு ஆடினார். நார்வேயோ மூன்றாவது சுற்றிலேயே இத்தாலியிடம் 3–1 என்று விழுந்தது. ஒலிம்பியாட்டில் நான்கு போர்டு. ஒவ்வொன்றின் புள்ளிக்கும் ஒரே மதிப்பு. உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் முதல் போர்டில் எடுக்கும் ஒரு புள்ளியை, பெயர் தெரியாத ஒருவர் நான்காவது போர்டில் திருப்பி எடுத்துவிடலாம்.

உஸ்பெகிஸ்தான் இதை நன்றாகப் புரிந்துகொண்ட அணி. அப்துசத்தோரொவ், யாகுபோயெவ், சிந்தாரொவ், வோகிதோவ் நால்வருக்கும் இருபது அல்லது அதற்குக் கீழ்தான் வயது. ஐந்தாமவர் ஜஹாங்கிர் வாகிதோவ் இருபத்தேழு வயதுக்காரர். ரேட்டிங் 2600-ஐ எட்டாதவர். கடைசிச் சுற்றில் நெதர்லாந்தை 2½–1½ என்று வென்றபோது, வார்மர்டாமை வீழ்த்தி முழுப் புள்ளி எடுத்தவர் இந்த வாகிதோவ். பதினொரு சுற்றில் ஒன்றில்கூட அந்த அணி தோற்கவில்லை. 1992 மணிலா ஒலிம்பியாட்டில் வெள்ளி வென்ற நாடு, முப்பது ஆண்டுகள் கழித்துத் தங்கத்தைத் தொட்டது மாமல்லபுரம் கடற்கரையில்.

இந்திய 'பி' அணியின் பயணம் இவ்வளவு சீராக இல்லை. அதனால்தான் அது மனதில் நிற்கிறது. முதல் மூன்று சுற்றுகளில் ஐக்கிய அரபு அமீரகம், எஸ்டோனியா, சுவிட்சர்லாந்து மூன்றையும் 4–0 என்று துடைத்தெடுத்தார்கள். நான்காவது சுற்றில் இத்தாலி, ஐந்தாவதில் ஸ்பெயின். ஆறாவது சுற்றில் ஆர்மீனியாவிடம் 1½–2½ என்று தோல்வி. அன்றும் குகேஷ் மட்டும் வென்றிருந்தார். முதல் எட்டுச் சுற்றுகளில் எட்டு ஆட்டம், எட்டு வெற்றி என்று குகேஷ் போன வேகத்தை அந்த அரங்கம் அதுவரை கண்டதில்லை. ஒன்பதாவது சுற்றில் அஜர்பைஜானுக்கு எதிராக அணி தடுமாறியபோது, பிரக்ஞானந்தா தன் ஆட்டத்தை வென்று 2–2 என்று காப்பாற்றினார்.

பத்தாவது சுற்றுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. எதிரே உஸ்பெகிஸ்தான். பிரக்ஞானந்தா சிந்தாரொவை வென்றுவிட்டார். முதல் போர்டில் குகேஷ் அப்துசத்தோரொவுக்கு எதிராக வெல்லும் நிலையில் இருந்தார். டிரா போதும், அணி 2½–1½ என்று ஜெயித்துவிடும். ஆனால் அவர் வெற்றியைத் தேடினார். கடிகாரத்தில் நேரம் கரைந்தது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடும் முப்பது நொடியை நம்பி ஆட வேண்டிய கட்டத்தில் தவறு நேர்ந்தது, நிலை தலைகீழானது, ஆட்டம் போனது. அணிகள் 2–2 என்று பிரிந்தன. கடைசியில் உஸ்பெகிஸ்தானும் ஆர்மீனியாவும் 19 புள்ளி, இந்திய 'பி' அணி 18. தங்கத்துக்கும் வெண்கலத்துக்கும் இடையே இருந்தது அந்த ஒரே ஓர் ஆட்டம்.

பதினாறு வயதில் அப்படி ஒரு தோல்வி வந்தால் அன்றிரவு தூக்கம் வராது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஜெர்மனிக்கு எதிராக உட்கார வேண்டும். அந்த ஆட்டத்தை குகேஷ் டிரா செய்தார். அணி 3–1 என்று வென்றது. அவரை மற்ற மூவரும் தாங்கிக்கொண்டார்கள் என்பதுதான் அந்தச் சுற்றின் செய்தி. குகேஷ் 11-க்கு 9 எடுத்து முதல் போர்டில் தங்கம் வாங்கினார். நிஹால் இரண்டாவது போர்டில் தங்கம். பிரக்ஞானந்தா மூன்றாவது போர்டில் வெண்கலம். தமிழ்நாடு அரசு வெண்கலம் வென்ற 'பி' அணிக்கும், பெண்கள் பிரிவில் வெண்கலம் வென்ற இந்திய முதல் அணிக்கும் தலா ஒரு கோடி ரூபாய் அறிவித்தது.

இரண்டே ஆண்டுகளில் இதன் பலன் தெரிந்தது. 2024 செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டில் இந்தியா இரண்டு பிரிவிலும் தங்கம் வென்றது. ஓபன் அணியில் பூஞ்சேரியின் இரண்டாம் அணியைச் சேர்ந்த குகேஷும் பிரக்ஞானந்தாவும் இருந்தார்கள். மொத்தம் 22-இல் 21 புள்ளி. விட்ட ஒரே புள்ளி உஸ்பெகிஸ்தானிடம். அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். பத்தாவது சுற்றில் பிரக்ஞானந்தாவிடம் தோற்ற சிந்தாரொவ், 2025-இல் கோவாவில் உலகக் கோப்பையை வென்றார்.

ஒரு நாட்டின் இரண்டாம் அணிக்கு மேசை போட்டுக் கொடுத்ததால் வந்த விளைச்சல் இது. இதை வைத்துத்தான் செங்கல்பட்டைப் பார்க்க வேண்டும்.

செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பரில். பழைய மாமல்லபுரம் சாலையும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் சேரும் பூஞ்சேரி, ஒரு பக்கம் நட்சத்திர விடுதியும் மறுபக்கம் நரிக்குறவர், இருளர் குடியிருப்புகளுமாக இருக்கும் ஊர். 2021-இல் மாமல்லபுரத்துக் கோயில் ஒன்றின் அன்னதானப் பந்தியில் உட்காரவிடாமல் நரிக்குறவர் பெண் ஒருவர் எழுப்பப்பட்ட செய்தி நாடெங்கும் பரவியது. அமைச்சர் அவரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த ஆண்டு தீபாவளியன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கே வந்து பட்டாவும் சாதிச் சான்றிதழும் வழங்கினார். அது நடந்து ஒன்பது மாதத்துக்குள் அதே ஊரில் உலகமே வந்து செஸ் ஆடியது. பாலஸ்தீனத்திலிருந்து எட்டு வயதுச் சிறுமி வந்து ஆடினாள். அது அந்தச் சிறுமிக்கும் அந்நாட்டுக்கும் உரிய இடம். அதில் யாருக்கும் குறையில்லை. ஆனால் அரங்கத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த பிள்ளைகளுக்கு அங்கே பார்வையாளர் இடத்தைத் தாண்டி எதுவும் இல்லை என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அரசுப் பள்ளிகளில் அந்த ஜூலையில் செஸ் போட்டிகள் நடந்தன, நல்ல முயற்சி. அதைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டு போவதுதான் கடினம். செஸ் ஏழைகளின் ஆட்டம் என்று சொல்வது வழக்கம். பலகை வாங்கும் வரைக்கும்தான் அது உண்மை. அதன்பிறகு பயிற்சியாளர், கணினி, வெளிநாட்டுப் பயணம், தங்குமிடம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். குகேஷின் தந்தை காது மூக்கு தொண்டை மருத்துவர். மகனோடு போட்டி போட்டியாகப் போவதற்காகத் தொழிலையே நிறுத்தினார். அப்படி நிறுத்த முடிகிற குடும்பங்கள் எத்தனை? சதுரங்கப்பட்டினத்திலோ கோவளத்திலோ கடலுக்குப் போகும் ஒருவர் வலையை வைத்துவிட்டு மகளோடு ஐரோப்பாவுக்குப் போக முடியுமா?

இந்தக் கரையில் வழி இல்லாமல் இல்லை என்பதை அலைச்சறுக்கு காட்டியிருக்கிறது. கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தானே பழகி, ஊர்ப் பிள்ளைகளுக்கும் பழக்கினார். மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தி சிறுமியாக இருந்தபோதே அவளைப் பற்றிய ஆவணப்படம் உலகைச் சுற்றியது. 2024-இல் மாலத்தீவில் நடந்த ஆசியப் போட்டியின் அணிப் பிரிவில் இந்தியா வெள்ளி வென்றபோது அந்த நால்வரில் கமலியும் ஒருவர். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்துக்கே வந்தது. கடலும் பலகையும் கையெட்டும் தூரத்தில் இருந்தன. கற்றுக்கொடுக்க ஆள் இருந்தது. போட்டியில் இடம் கிடைத்தது. மூன்றும் சேர்ந்த இடத்தில் குப்பத்துப் பிள்ளைகள் ஆசிய அளவுக்குப் போனார்கள்.

அந்த மூன்றில் அரசு கையில் உடனே இருப்பது கடைசி ஒன்று: போட்டியில் இடம். ஒலிம்பியாட் விதி போட்டியை நடத்தும் நாட்டுக்கு இரண்டாம் அணியைத் தருகிறது. அதே விதியை மாநிலமும் மாவட்டமும் தங்களுக்கு எழுதிக்கொள்ளத் தடை எதுவும் இல்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பணத்திலோ இடத்திலோ நடக்கும் எந்த அணிப் போட்டியானாலும், அது நடக்கும் மாவட்டத்தின் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்ட ஓர் அணிக்கு அதில் இடம் உண்டு என்று எழுதிவிடலாம். தரவரிசை கேட்கக் கூடாது. முதல் ஆண்டு அவர்கள் எல்லாச் சுற்றிலும் தோற்பார்கள். இரண்டாம் ஆண்டும் தோற்கலாம். அதற்காக அணியைக் கலைக்கக் கூடாது. அதிபனைப் போல அனுபவமுள்ள ஒருவரை அவர்களோடு உட்கார வைக்க வேண்டும். பயிற்சியாளருக்கு ஆண்டு முழுக்கச் சம்பளம் தர வேண்டும். பதக்கம் வந்தபிறகு அறிவிக்கும் கோடியில் ஒரு பங்கைப் பதக்கம் வருமுன் செலவிட வேண்டும்.

பலமில்லாத அணியைச் சேர்த்தால் போட்டியின் தரம் குறையும் என்று சிலர் சொல்வார்கள். பூஞ்சேரியில் ஓபன் பிரிவில் ஆடிய அணிகள் 180-ஐத் தாண்டும். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை பதக்கத்தைக் கனவிலும் நினைக்காதவை. அவை வந்ததால் அந்த ஒலிம்பியாட்டின் தரம் குறைந்ததாக எந்தக் கிராண்ட்மாஸ்டரும் சொல்லவில்லை. ஒரே அளவு புள்ளி எடுத்த அணிகளை மோதவிடும் ஸ்விஸ் முறையில், பலமற்ற அணி இரண்டு சுற்றுக்குள் தனக்கு நிகரான அணிகளோடு ஆடப் போய்விடும். யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

மாமல்லபுரம் இனியும் சர்வதேசப் போட்டிகளை நடத்தும். விடுதிகள் இருக்கின்றன, சாலை இருக்கிறது, விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த போட்டிக்கான அழைப்பிதழ் அச்சாகும்முன், செங்கல்பட்டு மாவட்டத்து அரசுப் பள்ளிகளின் அணிக்கான இடத்தை விளையாட்டுத் துறை விதியாகவே எழுதி வெளியிட வேண்டும்.